கறுப்பாக இருக்கும், கையில் கனக்காது: தீவு மலைகளின் எரிமலைச் சாம்பல் மண்

ஜாவாவின் லெம்பாங், சுமத்ராவின் பெராஸ்தாகி போன்ற மலையூர்களில் காய்கறித் தோட்டத்து மண்ணை ஒரு பிடி அள்ளுபவருக்கு முதலில் தோன்றுவது, எடை போதவில்லையே என்பதுதான். மண் கன்னங்கரேலென்று இருக்கும், ஈரமாகவும் இருக்கும். ஆனால் கையில் கனக்காது. இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும். இன்னும் சற்று அழுத்தினால், அதுவரை உருண்டையாக நின்ற மண் சட்டென்று இளகி விரலிடுக்கில் நீர் கசியும். களிமண் இப்படிச் செய்யாது. மணலும் செய்யாது.

மண்ணியலார் இதை அண்டோசோல் என்கிறார்கள். ஜப்பானிய மொழியில் ‘அன்’ என்றால் கருமை, ‘தோ’ என்றால் மண். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஜப்பானில் மண் ஆய்வு செய்த அமெரிக்கர்கள் 1947ல் இந்தப் பெயரைப் புழக்கத்திற்குக் கொண்டுவந்தனர். உலக நிலப்பரப்பில் இந்த மண்ணின் பங்கு ஏறக்குறைய 1 விழுக்காடுதான். எரிமலைகள் வரிசையாக நிற்கும் இந்தோனீசியா, பிலிப்பீன்ஸ், ஹவாய் போன்ற தீவுகளின் மேட்டுநிலங்களிலோ அது மலைமலையாகப் போர்த்திக் கிடக்கிறது.

எரிமலை மண் என்றாலே வளமான மண் என்று பள்ளிப் பாடங்கள் சொல்லித் தருகின்றன. அது பாதி உண்மை. மீதிப் பாதியை மலை விவசாயிகள் உரக்கடைக் கணக்கில் கற்றுக்கொள்கிறார்கள்.

சாம்பல் எப்படி மண்ணாகிறது

எரிமலைச் சாம்பல் என்பது விறகுச் சாம்பல் போன்றதன்று. உருகிய பாறை வெடித்துச் சிதறிக் காற்றில் நொடியில் குளிர்ந்துவிடுவதால் உண்டாகும் கண்ணாடித் துகள்தான் அது. மெதுவாகக் குளிர்ந்த பாறையில் தாதுக்கள் படிகமாக ஒழுங்குபட்டு இறுகியிருக்கும். சாம்பலில் அந்த ஒழுங்கு இல்லை. அதனால் மழைநீர் அதை விரைவாகக் கரைக்கிறது. கரைந்து வெளிவரும் அலுமினியமும் சிலிக்காவும் படிகமாவதற்கு அவகாசமின்றி அவசரமாக ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. அப்படிப் பிறக்கும் பொருளின் பெயர் அல்லோபேன்.

இந்த மண்ணின் வினோதங்கள் பெரும்பாலும் அல்லோபேனிலிருந்தே வருகின்றன. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் அது உள்ளே வெற்றிடம் உள்ள மிகச் சிறிய பந்து, குறுக்களவு 3.5 முதல் 5 நானோமீட்டர். அதன் உறவுக்காரப் பொருளான இமோகோலைட் குழாய் வடிவில் இருக்கும். ஜப்பானின் கியூஷு தீவில் ‘இமோகோ’ என்று உள்ளூர்க்காரர்கள் அழைத்த மண்ணிலிருந்து 1962ல் அதை இனங்கண்டதால் அந்தப் பெயர். பந்தும் குழாயுமாக இவ்வளவு நுண்ணிய பொருள்கள் நிறைந்திருப்பதால், ஒரு கிராம் அல்லோபேனின் மொத்த மேற்பரப்பைக் கணக்கிட்டால் பல நூறு சதுர மீட்டர் வரும். நீரோ சத்தோ மட்கோ எது வந்தாலும் ஒட்டிக்கொள்ள அத்தனை இடம்.

லேசாக இருப்பதன் காரணமும் இதுவே. சாதாரண வயல் மண் ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.1 முதல் 1.6 கிராம் வரை இருக்கும். அண்டோசோல் என்று வகைப்படுத்த வேண்டுமானால் அது 0.9 கிராமைத் தாண்டக்கூடாது. மழை மிகுந்த சரிவுகளில் 0.5 கிராமுக்கும் கீழே போவதுண்டு. அதாவது, மண் என்று பெயர். கன அளவில் பாதிக்கு மேல் துளைதான். பெரிய துளைகள் மழையை உடனே உள்வாங்குகின்றன. நுண்ணிய துளைகள் நீரை விடாமல் வைத்திருக்கின்றன. பலத்த மழைக்குப் பிறகும் பாத்தியில் நீர் தேங்குவதில்லை. ஒரு வாரம் மழை பெய்யாவிட்டாலும் கேரட் வாடுவதில்லை. காய்கறி பயிரிடுபவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தோட்டத்தில் நின்றபடியே இந்த மண்ணை உறுதிப்படுத்த ஒரு எளிய சோதனை இருக்கிறது. பினால்ஃப்தலின் தடவிய தாளில் சிறிது மண்ணை வைத்து, சோடியம் ஃபுளோரைடு கரைசலை ஒரு சொட்டு விடுவார்கள். அல்லோபேன் இருந்தால் தாள் சிவந்துவிடும். ஃபுளோரைடு, அலுமினியத்தோடு ஒட்டியிருக்கும் ஹைட்ராக்சிலைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வதால் காரத்தன்மை திடீரென்று ஏறுகிறது. நியூசிலாந்து ஆய்வாளர்கள் 1966ல் வெளியிட்ட இந்தச் சோதனை இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

ஏன் மேட்டுநிலத்தில் மட்டும்?

சாம்பல் மலையுச்சியிலும் விழுகிறது, அடிவாரத்திலும் விழுகிறது. ஆனால் ஜாவாவில் கறுப்பு அண்டோசோலைக் காண பொதுவாக 1,000 மீட்டரை ஒட்டிய உயரத்திற்கு ஏற வேண்டும். கீழே இறங்க இறங்க அதே எரிமலையின் சாம்பல் பழுப்பாகவும் பிறகு செம்மையாகவும் மாறிவிடுகிறது.

இந்த மாற்றத்துக்குக் காரணம் மழையும் வெப்பமும்தான். மேட்டில் ஆண்டு முழுதும் குளிரும் ஈரமும் இருக்கும். இடைவிடாத மழை சிலிக்காவைக் கழுவிக்கொண்டு போய்விடுவதால் அலுமினியம் மிகுந்த அல்லோபேன் நிலைத்திருக்கிறது. குளிரில் இலைதழைகள் மெதுவாகவே மட்குகின்றன. அந்த மட்கையும் அலுமினியம் இறுகப் பற்றிக்கொள்கிறது. மண் கறுப்பது அதனால்தான். அடிவாரத்திலோ வறண்ட மாதங்கள் உண்டு. மண் காயும்போது சிலிக்கா தங்கிவிடுகிறது. அல்லோபேனுக்குப் பதில் ஹாலோசைட் என்ற படிகக் களிமண் உருவாகிறது. மட்கும் வெப்பத்தில் சீக்கிரம் கரைந்துபோகிறது.

ஒருமுறை காய்ந்தால்

மற்ற மண் காய்ந்தால் நீர் ஊற்றி மீட்கலாம். அண்டோசோலை அப்படி மீட்க முடியாது. முற்றாகக் காய்ந்த அல்லோபேன் பந்துகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடுகின்றன. பிறகு எவ்வளவு நனைத்தாலும் பழைய வழுவழுப்பும் நீர்ப்பிடிப்பும் திரும்புவதில்லை.

இதன் உச்ச நிலையை ஹவாய்ப் பெருந்தீவின் ஹிலோ வட்டாரத்தில் காணலாம். அங்கே சில மண்களில், காய்ந்த மண்ணின் எடையைவிட அதிலுள்ள நீரின் எடை அதிகம். வெட்டியெடுக்கும்போது வெண்ணெய்க்கட்டி போலிருக்கும் அந்த மண், வெயிலில் காய்ந்ததும் சிறு சரளைக்கல் போன்ற உருண்டைகளாகிவிடும். அவற்றைப் பிறகு தண்ணீரில் போட்டாலும் கல்லாகவே கிடக்கும்.

ஆய்வுக்கூடங்களையே இந்தக் குணம் ஏமாற்றியிருக்கிறது. மண் மாதிரியை முதலில் உலர்த்திச் சலிப்பது வழக்கமான நடைமுறை. அண்டோசோலை உலர்த்தினால் களித்துகள்கள் மணல் அளவுக்குத் திரண்டுவிடுவதால், களிமிகுந்த மண்ணை மணற்பாங்கானது என்று முடிவு காட்டும். ஈரம் குறையாமல் சோதிக்க வேண்டிய மண் இது.

கட்டடப் பொறியாளர்களுக்கும் இது புதிராகவே இருந்தது. இவ்வளவு ஈரமான மண்ணில் சாலை போடுவது ஆபத்து என்பதே பாடநூல் விதி. ஆனால் ஜாவாவின் மேற்குப் பகுதியில் செங்குத்தாக வெட்டிய சாலையோரச் சுவர்கள் ஆண்டுக்கணக்கில் சரியாமல் நின்றன. பாண்டுங்கில் பணியாற்றிய பொறியாளர் லாரன்ஸ் வெஸ்லி, ஜாவாவின் அல்லோபேன், ஹாலோசைட் களிமண்களின் பண்புகளை 1973ல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். கலைக்காத வரை மண்ணின் உள்கட்டமைப்பு நீரைத் தாங்கியபடி உறுதியாக நிற்கும். இயந்திரங்கள் ஏறி மிதித்துப் பிசைந்தால் உள்ளிருக்கும் நீர் வெளியேறி மண் கூழாகும்.

பூட்டிக்கொள்ளும் மணிச்சத்து

பயிருக்கு வேண்டிய முக்கியச் சத்துகளில் ஒன்று மணிச்சத்து. வேர் பிடிப்பதற்கும் பூப்பதற்கும் அது தேவை. அண்டோசோலில் இடும் மணிச்சத்து உரத்தை அல்லோபேனின் அலுமினியம் உடனே பற்றிக்கொள்கிறது. அமெரிக்க மண் வகைப்பாட்டில் ஒரு மண் இந்த இனத்தைச் சேர்ந்ததா என்று பார்க்கும் அளவுகோல்களில் ஒன்று, ஆய்வுக்கூடத்தில் கலந்த பாஸ்பேட்டில் 85 விழுக்காட்டுக்கு மேல் அது பிடித்துவைத்துக்கொள்கிறதா என்பது. மண்ணுக்கே அடையாளமாகிவிட்ட அளவுக்குப் பெரிய கஞ்சத்தனம்!

மண்ணில் மணிச்சத்து இல்லை என்பதல்ல சிக்கல். இருக்கிறது, பயிருக்குக் கிடைப்பதில்லை. வங்கியில் பணம் இருந்தும் கணக்கு முடக்கப்பட்டவரின் நிலைதான் பயிருக்கு. முதன்முதலாக உழும் நிலத்தில் இந்தப் பஞ்சம் அப்பட்டமாகத் தெரியும். செடி குட்டையாக நிற்கும், இலை ஊதா நிறமேறும்.

விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. உரத்தை நிலமெங்கும் தூவாமல், நாற்றின் வேரருகே குழியிலோ வரிசையிலோ வைக்கிறார்கள். மண்ணோடு உரசும் பரப்பு குறைந்தால் பூட்டப்படுவதும் குறையும். கோழி எருவைக் கொட்டுகிறார்கள். எருவிலிருந்து வரும் கரிம அமிலங்கள் அலுமினியத்தின் பிடிகளை முன்கூட்டியே நிரப்பிவிடுகின்றன. சுண்ணாம்பு இட்டுப் புளிப்பைத் தணிக்கிறார்கள். ஹவாய்க் கரும்புத் தோட்டங்களில் கால்சியம் சிலிக்கேட் இட்டார்கள். பாஸ்பேட் உட்காரும் இடத்தில் சிலிக்கேட் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதே அதன் கணக்கு.

இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. லெம்பாங், பங்கலேங்கான் போன்ற இடங்களில் பல பத்தாண்டுகளாக உரம் கொட்டப்பட்ட பழைய காய்கறி நிலங்களில் மணிச்சத்து குவிந்துகிடக்கிறது. அங்கே உரத்தைக் குறைத்தாலும் விளைச்சல் பெரிதாகக் குறையாது. ஆனாலும் பழக்கத்தில் உரம் இடுவது தொடர்கிறது. பக்கத்துப் பக்கத்து நிலங்களில் ஒன்றில் பஞ்சம், மற்றதில் குவியல். மண்ணைச் சோதிக்காமல் எல்லா நிலத்துக்கும் ஒரே அளவு உரம் போடுவது இங்கே செலவு மட்டுமே.

அப்படியானால் ஜாவாவை நிரப்பியது எது?

1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஜாவாவிலும் மதுராவிலும் 41 மில்லியனுக்கும் அதிகமானோர் வாழ்ந்தனர். சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல். அதே காலத்தில் டச்சு ஆட்சியின் கீழிருந்த போர்னியோவில் சதுர கிலோமீட்டருக்கு 4 பேர் அளவில்தான் இருந்தனர். டச்சு மண்ணியலாளர் எட்வர்ட் மோர் 1938ல் இந்த வேறுபாட்டை மண்ணோடு பொருத்திப் பார்த்தார். இளம் எரிமலைகள் சாம்பல் தூவிய இடங்களில் மக்கள் நெருங்கி வாழ்கிறார்கள். மழை கழுவித் தீர்த்த பழைய பாறை நிலங்களில் அருகியே வாழ்கிறார்கள் என்பது அவர் கண்டது.

மோரின் கருத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. எரிமலை உமிழ்ந்தது எந்த வகைப் பொருள் என்பது முக்கியம். சிலிக்கா குறைவாகவும் கால்சியம், மக்னீசியம் கூடுதலாகவும் உள்ள சாம்பல், நொறுங்க நொறுங்கச் சத்தை விடுவிக்கும். ஜாவா எரிமலைகள் பெரும்பாலும் இதற்கு நெருங்கியவை. சிலிக்கா மிகுந்த சாம்பல் அப்படியல்ல.

அதற்கு ஆகப் பெரிய எடுத்துக்காட்டு அருகிலேயே இருக்கிறது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த தோபா எரிமலையின் சாம்பல் இந்தியா வரை போய் விழுந்தது. பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கிலும் அது கிடைக்கிறது. அந்தச் சாம்பல் சிலிக்கா மிகுந்தது. தோபா ஏரியைச் சுற்றிய மேட்டுநிலத்தில் அது கனமாகப் படிந்தும், பல இடங்கள் இன்று லாலாங் புல்லும் பைன் மரமுமாக இருக்கின்றன. அங்கிருந்து வடக்கே, சினாபுங், சிபாயாக் எரிமலைகளின் புதிய சாம்பல் விழுந்த கரோ மேட்டுநிலம் காய்கறிக்குப் பெயர்போனது.

எரிமலை மண்ணுக்கு வயதும் உண்டு. ஹவாயில் 300 ஆண்டு முதல் சுமார் 40 லட்சம் ஆண்டு வரை வயதுள்ள நிலங்களை ஒப்பிட்ட மார்கரெட் டோர்ன் குழுவினர் 1997ல் ‘நேச்சர்’ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். மண்ணில் சேமிக்கப்படும் கரிமம் சுமார் 1,50,000 ஆண்டு வரை ஏறிக்கொண்டே போய், பிறகு பாதியாகக் குறைகிறது. படிகமற்ற அல்லோபேன் போன்ற பொருள்கள் காலப்போக்கில் படிகக் களிமண்ணாகிவிடும்போது, பிடித்துவைத்திருந்த மட்கையும் கைவிட்டுவிடுகின்றன. உயிரோடு இருக்கும் எரிமலை அவ்வப்போது புதுச் சாம்பலைத் தூவுவதால் ஜாவா மண் முதுமையடைவது தள்ளிப்போகிறது.

மலேசிய மண்ணைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தை இங்கே தீர்த்துக்கொள்ளலாம். கேமரன் மலையில் உள்ளது எரிமலைச் சாம்பல் மண் அன்று. அது கருங்கல் பாறை சிதைந்து உருவான புளிப்பான மண். உயரமும் குளிரும் காய்கறிக்கு ஒத்துப்போவதால் லெம்பாங் போலத் தோன்றுகிறது. குவாந்தானைச் சுற்றி எரிமலைப் பாறை உண்டு. ஆனால் அது சாம்பலன்று, எரிமலைக் குழம்பு. வெகுகாலம் மழையில் ஊறி இரும்பு மிகுந்த சிவப்பு மண்ணாகிவிட்டது. ஒப்பீட்டில் இளைய எரிமலை நிலம் சபாவின் தாவாவ், செம்பூர்ணா பக்கம் இருக்கிறது. கொக்கோ அங்கே செழித்ததற்கு அதுவும் ஒரு காரணம். நாற்றங்கால் கடைகளில் பையில் விற்கும் ‘கறுப்பு மண்’ணுக்கும் எரிமலைக்கும் பொதுவாகச் சம்பந்தமில்லை. மாறாக, போன்சாய் வளர்ப்போர் வாங்கும் ஜப்பானியக் கனுமா மண் உண்மையிலேயே அல்லோபேன் நிறைந்தது. காய்ந்தபின் கூழாகாமல் உருண்டையாக நிற்பதால்தான் அதற்கு விலை.

டியெங்கின் உருளைக்கிழங்கு

இந்த மண் இயல்பில் அரிப்பைத் தாங்கக்கூடியது. மழை உடனே உள்ளிறங்கிவிடுவதால் மேலே ஓடுவதற்கு நீர் மிச்சமிருக்காது. காடோ தேயிலையோ மூடியிருக்கும் சரிவில் அதை அசைப்பது கடினம். பங்கலேங்கானின் மலபார் தேயிலைத் தோட்டம் 1896 முதல் இருந்துவருகிறது.

மத்திய ஜாவாவின் டியெங் மேட்டுநிலத்தில் கதை வேறு. சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள அங்கே 1980களிலிருந்து உருளைக்கிழங்கு பரவியது. மரங்கள் போயின, மலையுச்சி வரை பாத்தி ஏறியது. உருளைக்கிழங்கு நீர் தேங்கினால் அழுகும். அதனால் விவசாயிகள் பாத்தியைச் சரிவின் குறுக்கே போடாமல், மேலிருந்து கீழாகவே போடுகிறார்கள். அவர்கள் அறியாமையால் செய்வதாகச் சொல்வது நியாயமன்று. ஒரு போகம் அழுகினால் கடனை யார் அடைப்பது? ஆனால் கொத்திக் கிளறிய மண் வெயிலில் காய்கிறது. காய்ந்த மண் மீண்டும் ஒட்டாது. லேசாக வேறு இருப்பதால், அடுத்த மழையில் தூசுபோல் மிதந்து சால் வழியே இறங்குகிறது.

டியெங்கில் பிறக்கும் செராயு ஆறு இந்த மண்ணைச் சுமந்து செல்கிறது. கீழே பஞ்சார்நெகாராவில் உள்ள மிரிச்சா நீர்மின் அணையின் நீர்த்தேக்கம் வண்டலால் தூர்ந்துவருவது இந்தோனீசியாவில் பலகாலமாகப் பேசப்படும் பிரச்சினை. மேலே விவசாயி இழந்த மண்ணுக்கு ஈடாக உரத்தைக் கூட்டுகிறார். புதிதாக வெளிப்பட்ட அடிமண் அந்த உரத்தின் மணிச்சத்தையும் பூட்டிக்கொள்கிறது.

சினாபுங் மலையடியில்

கரோ மேட்டுநிலத்துக் காய்கறி, டச்சுக்காரர் காலத்திலேயே பெலாவான் துறைமுகம் வழியாகப் பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறியது. அந்த மலைகளின் சாம்பலும் சேறும் ஆறுகளோடு இறங்கிப் படிந்த டெலி சமவெளியில்தான், ஜேக்கபஸ் நீன்ஹெய்ஸ் என்ற டச்சுக்காரர் 1863ல் புகையிலை பயிரிடத் தொடங்கினார். சுருட்டின் மேலிலைக்கு உலகப் புகழ் பெற்ற புகையிலை அது. ஒரு போகம் எடுத்தபின் ஏழெட்டு ஆண்டுகள் நிலத்தை ஓய்வில் விட்டார்கள். அந்தத் தோட்டங்களில் மாட்டுவண்டி ஓட்டவும் சாலை போடவும் வடிகால் வெட்டவும் தமிழர்கள் கொண்டுவரப்பட்டனர். மேடான் நகரில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள்.

2,460 மீட்டர் உயரமுள்ள சினாபுங் ஏறக்குறைய 400 ஆண்டுகள் உறங்கிக்கிடந்து 2010 ஆகஸ்டில் விழித்தது. 2013 செப்டம்பரில் மீண்டும் குமுறத் தொடங்கி ஆண்டுக்கணக்கில் ஓயவில்லை. ‘சாம்பல் உரம்’ என்று தூரத்தில் இருப்பவர்கள் சொல்வது அங்கே எடுபடாது. புதுச் சாம்பலில் தழைச்சத்தும் இல்லை, மட்கும் இல்லை. இலைமேல் படிந்தால் வெயிலை மறைக்கிறது. ஈரம் பட்டால் கந்தகப் புளிப்பு இலையைக் கருக்குகிறது. மண்மேல் காய்ந்தால் சிமெண்டுபோல் இறுகி மழையை உள்ளே விடாது. முட்டைக்கோசும் தக்காளியும் காப்பியும் ஆரஞ்சும் அப்படித்தான் அழிந்தன.

சாம்பல் சில சென்டிமீட்டர்தான் என்றால் விவசாயிகள் அதை அடிமண்ணோடு சேர்த்துக் கொத்திவிடுகிறார்கள். கனமாக விழுந்த இடங்களில் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. பாடாங் அண்டாலாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டியான் ஃபியாந்திஸ் சுமத்ராவின் புதுச் சாம்பல் எப்படி மண்ணாகிறது என்பதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார். முதலில் குடியேறுபவை நீலப்பச்சைப் பாசியும் கற்பாசியும். காற்றிலிருந்து கரிமத்தையும் தழைச்சத்தையும் இழுத்துச் சேர்ப்பவை அவை. பின்னர் பெரணி, புல். கறுப்பு மண் அதற்கெல்லாம் பிறகுதான்.

மலைக்கு மிக அருகில் இருந்த சிமாச்செம், பெக்கெரா, சுக்காமெரியா ஆகிய 3 கிராமங்களின் மக்கள் அதுவரை காத்திருக்க முடியாது. அரசாங்கம் அவர்களைக் காடு திருத்திய சியோசார் மேட்டுக்கு இடம் மாற்றியது. அங்கே அவர்கள் உருளைக்கிழங்கும் காப்பியும் பயிரிடுகிறார்கள்.